அன்னம்மாள் கோயிலின் ஒன்று புள்ளி ஒன்பது வினாடி

செனாய் தொழிற்பேட்டையில் ஷாமளாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடுபவர்கள் குறைவு. "புவான் பீசிங் வந்துட்டாங்க" என்பார்கள். மலாயில் புவான் என்றால் அம்மணி, பீசிங் என்றால் இரைச்சல். தொழிற்சாலைகளில் இரைச்சலை அளப்பதுதான் அவள் வேலை. காலையில் தொழிலாளர்களின் தோளில் தீப்பெட்டி அளவு கருவி ஒன்றை மாட்டிவிடுவாள். மாலையில் அதைக் கழற்றி, அன்று முழுக்க அவர்கள் காது எவ்வளவு சத்தம் வாங்கியது என்று பார்ப்பாள். அளவு மீறியிருந்தால் அறிக்கை போகும்: இந்த இயந்திரத்துக்கு மூடி போடுங்கள், இங்கே நிற்பவர்களுக்குக் காதடைப்பான் கொடுங்கள்.

அவள் கூலாய்க்காரி. அப்பா வீரமுத்து மரக்கட்டை லாரி ஓட்டினார். அந்த லாரி போய் நிற்கும் மரம் அறுக்கும் ஆலையில்தான் அம்மா வேலை செய்தார். நாற்பத்தைந்து வயதிலேயே அம்மாவுக்குப் பாதிக் காது போய்விட்டது. அந்த வீட்டில் சாப்பிடக் கூப்பிடுவதற்கும் கத்த வேண்டும், கோபப்படுவதற்கும் கத்த வேண்டும், இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. பாலிடெக்னிக் முடித்தபோது ஷாமளாவுக்கு இரண்டு வேலை கிடைத்தன. ஒன்றில் சம்பளம் அதிகம். அவள் இரைச்சல் அளக்கும் வேலையை எடுத்துக்கொண்டாள். ஏன் என்று அம்மா கேட்டபோது பக்கத்தில் போய்க் கத்திச் சொன்னாள்: "உங்க ஆலைக்கு இப்படி ஒருத்தி வந்திருக்கணும்மா!"

பதினாறு வருடத்தில் அவள் காது கூர்மையாகிவிட்டது. ஒரு தொழிற்சாலையில் காற்றழுத்த இயந்திரத்தின் பக்கத்தில் நின்று, "உள்ளே ஒரு பேரிங் சாகப்போகுது" என்று சொன்னாள். மேலாளர் சிரித்தார். மூன்றாம் நாள் அது உடைந்தது. ஆனாலும் சத்தம் என்றால் அவளுக்குக் குறைக்க வேண்டிய ஒன்று, அவ்வளவுதான். போன வருடம் ஆகஸ்ட் மாதம் பிரவீனாவின் தம்பி கல்யாணத்துக்குப் போகும்வரை அப்படித்தான் இருந்தாள்.

பிரவீனா அவளோடு ஒரே அலுவலகத்தில் அறிக்கை தட்டச்சு செய்கிறவள். சொந்த ஊர் லாபிஸ். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் காரை எடுத்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பிவிடுவாள், ஞாயிற்றுக்கிழமை கோயில் பாடகர் குழுவில் பாட வேண்டும். அந்தக் கோயில் எண்ணெய் தரும் செம்பனைத் தோட்டத்துக்கு நடுவில் இருக்கிறது. ரப்பர் காலத்தில் தோட்டத்துக் கத்தோலிக்கத் தமிழர்கள் கட்டிய புனித அன்னம்மாள் கோயில். நூறு வயது நெருங்கிவிட்டது. கனமான செங்கல் சுவர், அதன்மேல் சுண்ணாம்புப் பூச்சு, தகரக் கூரை. கூரைக்குக் கீழே பலகைகளை வளைத்து அடித்த உட்கூரை. கவிழ்த்துப் போட்ட படகுக்குள் உட்கார்ந்திருப்பது போல இருக்கும்.

ஷாமளா பட்டுப்புடவையோடு பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். இந்துவான அவளுக்கு எப்போது எழ வேண்டும், எப்போது முழங்கால் போட வேண்டும் என்று தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்துப் பார்த்துச் செய்துகொண்டிருந்தாள். அப்போது பாடகர் குழு ஒரு பாட்டை முடித்தது. பன்னிரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாயை மூடினார்கள். பாட்டு நிற்கவில்லை.

குரல்கள் மேலே ஏறி, பலகைகளோடு ஒரு சுற்றுச் சுற்றி, மெல்ல இறங்கி, அவள் பின்கழுத்துக்குப் பக்கத்தில் வந்து கரைந்தன. அவள் கை தானாக விரல் விட்டு எண்ணியது. ஒன்று. இரண்டுக்குக் கொஞ்சம் முன்னால் அடங்கியது. கையில் மயிர் குத்திட்டு நின்றது.

அடுத்த பாட்டு எப்போது முடியும் என்று காத்திருந்தாள். முடிந்தது. மறுபடியும் அதே. மூன்றாவது பாட்டுக்குக் கைத்தொலைபேசியை எடுத்து, சத்தம் அளக்கும் செயலியைத் திறந்து, தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாள். பாடிக்கொண்டே பிரவீனா முறைத்தாள். ஷாமளா கண்டுகொள்ளவில்லை.

விருந்து தொடங்கியதும் எல்லாரும் மண்டபத்துக்குப் போய்விட்டார்கள். அவள் மட்டும் காலிக் கோயிலுக்குள் நின்று கை தட்டினாள். பீடத்துக்கு முன்னால் ஒரு தட்டு, நடுவில் ஒரு தட்டு, வாசலில் ஒரு தட்டு. சத்தம் கேட்டுக் கோயில் குழுத் தலைவர் ராஜசேகரன் ஓடிவந்தார். லாபிஸ் ரயில் நிலையத்தில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

"என்னம்மா, யாரக் கூப்பிடுறீங்க? எல்லாரும் அங்க சாப்பிடுறாங்களே."

"யாரையும் கூப்பிடல அங்கிள். இந்த உட்கூரை எப்ப போட்டது?"

"கட்டுன நாளிலேர்ந்து அதுதான். பாவம், கரையான் புடிச்சுருச்சு. மூணு வாரத்துல பிரிக்கிறோம். புதுசா ஜிப்சம் போர்டு, நேரா, சமமா, ஏர்கோனோட. கோயிலே ஹோட்டல் மாதிரி ஆகிடும்." அவர் முகத்தில் பெருமை.

ஷாமளா மேலே பலகைகளைப் பார்த்தாள். "இந்தச் சத்தத்தை யாராவது பதிவு பண்ணி வெச்சிருக்கீங்களா?"

"ஓ, இருக்கே! நம்ம குவாயர் கிறிஸ்மஸ் சிடி. சிகாமட் ஸ்டூடியோவுல போய்ப் பண்ணுனது."

"பாட்டு இல்ல அங்கிள். கோயிலோட சத்தம்."

அவருக்குப் புரியவில்லை. ஷாமளா அவரை வெளியே, வாகனம் நிறுத்தும் இடத்துக்கு அழைத்துப் போனாள். ஒருமுறை கை தட்டினாள். பட் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். உள்ளே கூட்டி வந்து அதே கையை அதே மாதிரி தட்டினாள். சத்தம் விரிந்து, உருண்டு, மெதுவாக ஓய்ந்தது.

"வெளிய கேட்டது என் கை. உள்ள கேட்டதுல பாதி உங்க கோயில். பலகையைப் பிரிச்சா அது போயிடும். போறதுக்குள்ள அளந்து வெச்சுடலாம், அங்கிள். எனக்கு ஒரு சனிக்கிழமை போதும்."

ராஜசேகரன் தானும் ஒரு தட்டு தட்டிப் பார்த்தார். பிறகு இன்னொன்று. "ஃபாதர்கிட்ட கேக்குறேன்" என்றார்.

கூலாய்க்குத் திரும்பும் வழியெல்லாம் ஷாமளா பேசிக்கொண்டே வந்தாள். கணவன் லோகேஸ்வரன் காரை ஓட்டினான். அவன் தினமும் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவன். சனிக்கிழமை என்றால் தூங்க வேண்டும், இல்லாவிட்டால் மீன் பிடிக்க வேண்டும்.

"பாரிஸ்ல அந்தப் பெரிய சர்ச் தீப்புடிச்சுதே, அதுக்கு முன்னாடியே அதோட ஒலியை அளந்து வெச்சிருந்தாங்களாம். திரும்பக் கட்டும்போது அது உதவியா இருந்துச்சாம். இப்பதான் படிச்சேன்!"

"அடுத்த சனிக்கிழமை மீன் புடிக்க மெர்சிங் போலாம்னு சொன்ன?"

"மெர்சிங் எங்கயும் ஓடிடாது. நீங்க பலூன் ஊதணும்."

"எத்தன?"

"நாப்பது."

 "அலமாக்" என்றான் அவன், மலாயில் ஐயையோ என்பது போல.

பலூன் உடையும் சத்தம் திடீரென்று எழுந்து உடனே அறுந்துவிடும். அதன் பிறகு அறைக்குள் கேட்பதெல்லாம் அறையின் சத்தம். அதைவிட நல்ல வழியும் உண்டு. மிகக் கீழான முனகலில் தொடங்கி, காது எட்டாத கீச்சுவரை ஏறும் ஒலியை ஒரே சீராக ஒலிபெருக்கியில் விட வேண்டும். அறை அதை என்ன செய்கிறது என்று பதிவு செய்து, கணினியில் அந்த ஒலியைக் கழித்துப் பார்த்தால் கட்டடத்தின் ஒலி தனியாகக் கிடைக்கும். பிறகு எங்கோ பாடிய குரலைக்கூட அந்தக் கட்டடத்துக்குள் பாடியது போலக் கேட்கலாம். ஒலிவாங்கியும் கணினியும் ஷாமளாவிடம் இருந்தன. ஒலிபெருக்கி இல்லை.

அது சிக்கந்தரிடம் இருந்தது. சிகாமட்டில் கல்யாணங்களுக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவர். எதற்கு என்று கேட்டார். அவள் சொன்னாள். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "இருவத்தஞ்சு வருஷமா ஒவ்வொரு ஹாலுக்கும் போய் இந்த எதிரொலியோடதான் சண்டை போட்டுக்கிட்டு இருக்கேன், தங்கச்சி. நீங்க அத புடிச்சு பத்திரமா வைக்கப் போறேங்குறீங்க. இத நான் பாக்கணும் லா" என்றார். வாடகைப் பேச்சே எழவில்லை.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஐந்து பேரும் கோயிலில் கூடினார்கள். ராஜசேகரன் சாவியோடு நின்றார். பிரவீனா நாற்காலிகளை ஒழுங்குபடுத்தினாள். லோகேஸ்வரன் கன்னம் வலிக்கும்வரை பலூன் ஊதினான். சிக்கந்தர் ஒலிபெருக்கியைப் பீடத்தின் படிக்குக் கீழே, மரியாதையாகக் கொஞ்சம் தள்ளி வைத்தார். மின்விசிறிகள் நின்றன. கண்ணாடிப் பட்டைச் சன்னல்கள் மூடப்பட்டன. வேர்வை ஊற்றியது.

ஷாமளா விசையை அழுத்தினாள். தரையிலிருந்து கிளம்புவது போல ஓர் ஊளை எழுந்து மெல்ல மேலேறியது. பாதி வழியில் எங்கோ ஒரு கண்ணாடி டர்ர்ரென்று நடுங்கியது. ராஜசேகரன் துள்ளி எழுந்தார்.

"இதுதான்! இதுதான்மா! பூசையில ஆர்கன்ல ஒரு நோட்டு வரும்போதெல்லாம் இந்தச் சத்தம் வரும். எங்கேருந்து வருதுன்னு பத்து வருஷமாத் தேடுறேன்!" என்று சொல்லிக்கொண்டே சன்னல் சன்னலாக ஓடினார். மூன்றாவது சன்னலில் ஆடிக்கொண்டிருந்த பட்டையைக் கண்டுபிடித்து, விரலை வைத்து அழுத்தினார். சத்தம் நின்றது. விரலை எடுத்தார். மறுபடி வந்தது. ஐம்பது வருடம் இதே கோயிலுக்கு வருகிற மனிதர், அன்றுதான் கோயிலைக் கேட்கத் தொடங்கியது போல இருந்தது.

"இன்னொரு தடவ போடுங்கம்மா" என்றார். பதிவு வீணாகிவிட்டது என்று அவரிடம் சொல்ல ஷாமளாவுக்கு மனம் வரவில்லை.

அதற்குப் பிறகு எல்லாமே தடங்கல். முதல் பலூனுக்கு உட்கூரைக்கு மேலே குடியிருந்த சிட்டுகள் கத்திக்கொண்டு பறந்தன. இரண்டாவதுக்கு ரயில் வந்தது. "பத்து இருவது வண்டி, மூணு நிமிஷம் லேட்டு" என்றார் ராஜசேகரன், கடிகாரத்தைப் பார்க்காமலே. பதினொரு மணிக்கு வானம் இருண்டது. மழை தகரத்தில் விழுந்த வேகத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்கவில்லை. ஒரு மணி நேரம் காத்திருந்தார்கள். மூன்று மணி வரை காத்திருந்தார்கள். அது நிற்கவில்லை. ஷாமளா மழையைப் பதிவு செய்துகொண்டாள். அதுவும் அந்தக் கோயிலின் சத்தம்தானே. ஆனால் அவளுக்கு வேண்டியது கிடைக்கவில்லை.

"அடுத்த சனிக்கிழமை" என்று சொல்லிப் பிரிந்தார்கள். பலகை பிரிக்கும் நாளுக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது.

புதன்கிழமை ஷாமளா தகடு வெட்டும் ஆலை ஒன்றில் நின்றுகொண்டிருந்தாள். காதில் அடைப்பான். பைக்குள் தொலைபேசி அதிர்ந்தது. பிரவீனா.

"அக்கா! ...நாளைக்கு... சாரம்..."

"என்னது? கேக்கல! இரு, வெளிய வர்றேன்!"

"காண்ட்ராக்டருக்கு வேற இடத்துல வேலை தள்ளிப்போச்சாம். அதனால நம்ம கோயில் வேலைய முன்னாடியே எடுத்துட்டாங்க. நாளைக்குக் காலைல ஆளுங்க வர்றாங்க. அங்கிள் இப்பதான் மெசேஜ் போட்டாரு. நாளைக்கே பலகைய பிரிச்சிடுவாங்கக்கா!"

ஷாமளா தன் அலுவலக மேலாளர் சுகுமாறனைக் கூப்பிட்டாள். மறுநாள் அவள் வேறொரு தொழிற்சாலையில் இருக்க வேண்டும். விடுப்பு கேட்கும்போதே வார்த்தைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழுந்தன.

"மெதுவா, மெதுவா. யாராவது ஆஸ்பத்திரியிலயா?"

"இல்ல சார். ஒரு உட்கூரை."

அவருக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. "போயிட்டு வாங்க. நாளைக்கு நானே போய் அளக்குறேன். கருவி எங்க மாட்டுறதுன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க, மறந்துபோச்சு" என்றார்.

வியாழக்கிழமை விடியும்போது அவளும் பிரவீனாவும் நெடுஞ்சாலையில் இருந்தார்கள். பின்னிருக்கையில் முக்காலி, ஒலிவாங்கி, ஊதாத பலூன்கள். ஏழேகாலுக்குக் கோயிலை அடைந்தபோது வாசலில் லாரி நின்றது. ஆறேழு தொழிலாளர்கள் இரும்புக் குழாய்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். உள்ளே முதல் அடுக்குச் சாரம் ஏறியாகிவிட்டது. ஒருவன் கையில் கடப்பாரை.

ஒப்பந்தக்காரர் அஸ்மான், இளைஞர். மூவார்க்காரர். ஷாமளா அவரிடம் மலாயில் சொன்னாள். அவர் தலையைச் சொறிந்தார். கட்டடத்தின் சத்தத்தைப் பதிவு செய்யவா, இடிக்கும் சத்தத்தையா என்று கேட்டார். அவள் அவரைக் கையோடு உள்ளே அழைத்துப் போய்க் கை தட்டினாள். அவர் மேலே பார்த்தார்.

"சத்து ஜாம், காக்" என்றார். ஒரு மணி நேரம், அக்கா. "அதுக்கு மேல முடியாது. என் ஆளுங்களுக்கு நாள் கூலி ஓடுது."

"அந்தச் சாரத்தையும் வெளிய எடுக்கணும். இரும்புக் குழாய் மணி மாதிரி ஒலிக்கும்."

அஸ்மான் அவளையே பார்த்தார். பிறகு தன் ஆட்களுக்குக் குரல் கொடுத்தார். ஏற்றிய சாரம் இறங்கியது. பதினைந்து நிமிடம் போய்விட்டது.

சிக்கந்தரைக் காணோம். தொலைபேசியில், "கிளம்பிட்டேன் தங்கச்சி, முன்னாடி ஒரு செம்பனை லாரி, தாண்ட முடியல!" என்றார். காத்திருக்க நேரமில்லை. பலூனில் தொடங்கினார்கள். ராஜசேகரன் ஊதினார், பிரவீனா குத்தினாள், ஷாமளா ஒலிவாங்கியை இடம் மாற்றிக்கொண்டே போனாள். பீடத்தடியில் ஒன்று. பாடகர் குழு நிற்கும் இடத்தில் ஒன்று. நடுவரிசை, பின்வரிசை. மின்விசிறி இல்லை, மழை இல்லை. சிட்டுகளைச் சாரம் ஏற்றிய சத்தமே காலையில் விரட்டிவிட்டிருந்தது. நடுங்கும் கண்ணாடிப் பட்டையின் இடுக்கில் ராஜசேகரன் தன் கைக்குட்டையை மடித்துச் செருகியிருந்தார்.

"வண்டி வருமா அங்கிள்?"

"எட்டு அஞ்சு வரைக்கும் ஒண்ணும் கிடையாது. நீங்க அடிங்க!"

ஏழு ஐம்பதுக்குச் சிக்கந்தரின் வேன் செம்மண்ணைக் கிளப்பிக்கொண்டு வந்தது. மனிதர் வேனை அணைக்காமலே குதித்தார். "அணைங்க பாய்! அத அணைங்க!" என்று மூன்று பேர் கத்தினார்கள். அஸ்மானின் ஆட்களே இரண்டு பேர் ஒலிபெருக்கியைத் தூக்கி வந்தார்கள். ஊளை தரையிலிருந்து எழுந்தது, ஏறியது, மெலிந்தது, கீச்சாகி மறைந்தது. வெளியே தொழிலாளர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள். ஷாமளாவின் திரையில் கோடு ஒன்று உயரத்தில் தொடங்கி, ஒரே சரிவாக, நடுக்கமில்லாமல் இறங்கியது.

"கிடைச்சுருச்சு!" அவள் கத்திய கத்து அடங்க ஒன்று புள்ளி ஒன்பது வினாடி ஆனது. அதுவும் பதிவாகியிருக்கிறது.

மணி எட்டு இரண்டு. அஸ்மான் கொடுத்த நேரத்தில் பதின்மூன்று நிமிடம் மீதி. அதில் ரயில் வேறு. ஷாமளா பிரவீனாவைப் பார்த்தாள். "வண்டி போனதும் நீ பாடு."

"தனியாவா? எனக்குத் தொண்டையே தெளியலக்கா."

"தெளிய வேண்டாம். நீ எப்பவும் எங்க நிப்ப?"

"அந்தத் தூணுக்கு ஒரு அடி முன்னால. அங்க நின்னாத்தான் என் குரல் எனக்கே திரும்பக் கேக்கும். கொஞ்சம் தள்ளி நின்னாக்கூட ஒண்ணும் கேக்காது."

ஷாமளா பலூன் பதிவுகளைத் திரையில் புரட்டினாள். அந்தத் தூணுக்கு முன்னால் எடுத்ததில் மட்டும், வளைந்த பலகையிலிருந்து திரும்பி வந்த ஒலி தனிமுள்ளாக எழும்பி நின்றது. பிரவீனா கருவி இல்லாமல் காதாலேயே அந்த இடத்தைக் கண்டுபிடித்து, பதினோரு வருடமாக அங்கேயே நின்று பாடிக்கொண்டிருக்கிறாள்! ஷாமளாவுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது.

ரயில் போனது. பிரவீனா மாதாவுக்குப் பாடும் பாட்டு ஒன்றை எடுத்தாள். முதல் வரியில் குரல் உடைந்தது. இரண்டாவதில் பிடித்துக்கொண்டாள். மூன்றாவது வரியில் வாசலருகே நின்ற ராஜசேகரன் கீழ்க் குரலில் சேர்ந்துகொண்டார். யாரும் அவரைக் கேட்கவில்லை. வெளியே கடப்பாரை வைத்திருந்தவன் அதைச் சத்தமில்லாமல் புல்லில் சாய்த்து வைத்தான். பாட்டு முடிந்து, குரல்கள் அடங்கி, ஷாமளா கை காட்டும்வரை ஒருவரும் அசையவில்லை.

மணியைப் பார்த்தால் எட்டரை ஆகப்போகிறது. அஸ்மான் வாசற்படியில் தேநீர்ப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தார். "போலே லாகி, காக்" என்றார். இன்னும் பண்ணலாம். ஒன்பது மணி வரை பண்ணினார்கள்.

பலகைகள் அன்று மாலைக்குள் இறங்கின. கரையான் உண்மையிலேயே தின்றிருந்தது. சில பலகைகள் கையில் எடுத்தாலே தூளாயின. அதைப் பார்த்தபோது ஷாமளாவுக்கு வருத்தமில்லை. இறங்க வேண்டியதுதான். எதைத் திரும்ப ஏற்றப் போகிறார்கள் என்பதுதான் அவள் மண்டையைக் குடைந்தது.

பத்து நாள் கழித்து மண்டபத்தில் கோயில் குழு கூடியது. ஃபாதரும் வந்திருந்தார். ஷாமளா கணினியைத் திறந்தாள். பிரவீனாவின் குரலைத் துணி நிறைந்த அலமாரிக்குள் தலையை விடச்சொல்லிப் பதிவு செய்திருந்தாள். எதிரொலியே இல்லாத குரல். முதலில் அதைப் போட்டாள்.

"தலகாணிக்குள்ள பாடுற மாதிரி இருக்கு" என்றார் ஒருவர்.

"இப்ப இதே குரல், நம்ம கோயிலுக்குள்ள." காதொலிப்பானை ராஜசேகரனின் தலையில் மாட்டினாள். அவர் முகத்தை எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கண் தானாக மேலே போனது, மண்டபத்தின் விசிறிக்கு. அங்கே பலகை இல்லை.

"பலகையத்தான் இறக்கியாச்சே!" என்றார் சத்தமாக, காதில் மாட்டியிருப்பதை மறந்து. "கோயில் இங்க இருக்கே! ஃபாதர், நீங்க கேளுங்க!"

காதொலிப்பான் கைமாறிக்கொண்டே போனது. கடைசி ஆள் கேட்டு முடித்ததும் ஷாமளா மூன்றாவது ஒன்றைப் போட்டாள். சமமான ஜிப்சம் போர்டு போட்டால் அதே குரல் எப்படி இருக்கும் என்று கணக்கிட்டுச் செய்தது. ராஜசேகரன் அதையும் கேட்டார். கழற்றி மேசைமேல் வைத்தார்.

"ஹோட்டல்" என்றார். "நான்தான சொன்னேன், ஹோட்டல் மாதிரி ஆகும்னு."

ஃபாதர் கேட்டார்: "பழைய மாதிரியே வளைச்சுப் போட முடியுமா? கரையான் ஏறாத மரத்துல?"

தொலைபேசியில் அஸ்மானைப் பிடித்தார்கள். முடியும், ஆனால் ஐந்து வாரம் கூடுதலாக ஆகும் என்றார். வளைவின் அளவு வேண்டும் என்றார். ஷாமளாவிடம் அது இருந்தது. அன்று ஒன்பது மணி வரை கிடைத்த நேரத்தில் அதையும் அளந்து வைத்திருந்தாள். குளிர்சாதனத்தை உட்கூரையில் பொருத்தாமல் சுவரில் பொருத்தலாம் என்று சிக்கந்தர் யோசனை சொன்னார். அவர் குழுவில் உறுப்பினர் இல்லை, கோயிலைச் சேர்ந்தவரும் இல்லை. ஆனால் கூட்டத்துக்கு வந்திருந்தார், யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

புது உட்கூரை நவம்பர் கடைசியில் முடிந்தது. காலிக் கோயிலில் ஷாமளா அளந்தபோது ஒன்று புள்ளி எட்டு வந்தது. பழையதைவிடப் பத்தில் ஒரு பங்கு வினாடி குறைவு. அவளுக்கு முழுத் திருப்தி இல்லை. புதுச் சாயம் காரணமா, மரத்தின் தடிமன் காரணமா என்று இரண்டு வாரம் யோசித்தாள். பிரவீனா போய்த் தூணுக்கு ஓர் அடி முன்னால் நின்று பாடிப் பார்த்தாள். அரை அடி இடப்பக்கம் நகர்ந்தாள். "இங்க இருக்குக்கா" என்றாள்.

ஆள் நிறைந்த கோயிலையும் அளக்க வேண்டும், அப்போதுதான் கணக்கு முழுமையாகும். திறப்பு நாள் பூசை முடிந்ததும் ஃபாதர் அறிவித்தார்: "யாரும் எழுந்திருக்க வேண்டாம். ஒரு நிமிஷம் மூச்சுகூடச் சத்தமா விடாம இருங்க. ஒரு பலூன் உடையும், பயந்துடாதீங்க." நூற்றைம்பது பேர் சிலையாக உட்கார்ந்தார்கள். லோகேஸ்வரன் நடுவழியில் நின்று, பலூனின் வாயை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான். அது அவன் விரலிலிருந்து நழுவியது. புர்ர்ரென்று ஊளையிட்டுக்கொண்டு ஃபாதரின் தலையைச் சுற்றி, பாடகர் குழுவைத் தாண்டி, மாதா சுரூபத்தின் காலடியில் போய் விழுந்தது.

 கோயிலே வெடித்துச் சிரித்தது. சிரிப்பு மேலே போய், புதுப் பலகையில் உருண்டு, அவர்கள்மேலேயே திரும்ப விழ, அதைக் கேட்டு இன்னும் சிரித்தார்கள். ராஜசேகரன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஷாமளா ஒலிவாங்கியைப் பார்த்தாள். பதிவு ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னொன்னு ஊதுங்க" என்றாள் கணவனிடம். "இது ரொம்ப நல்லா வந்திருக்கு, ஆனா கணக்குக்கு ஆகாது."

இப்போது ஷாமளாவின் கணினியில் ஜொகூர் மாநிலத்தின் ஒன்பது பழைய தேவாலயங்கள் இருக்கின்றன. வார நாட்களில் செனாயில் சத்தத்தைக் குறைத்துக்கொண்டிருக்கிறாள். சனிக்கிழமைகளில் சிக்கந்தரின் வேனில் ஏறிவிடுகிறாள். போன வாரம் கடலோர ஊர் ஒன்றிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். கோயில் தரையில் கம்பளம் விரிக்கப் போகிறார்களாம், அதற்கு முன்னால் வர முடியுமா என்று கேட்டார்கள்.

"எந்த நாள்? எத்தன மணிக்கு?" என்று கேட்டாள், மறுகையால் பேனாவைத் தேடிக்கொண்டே. "பக்கத்துல ரயில் பாதை ஏதாவது இருக்கா?"